டென்ஷன் என்று எழுதிவிட்டு எழுந்து வந்தேன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, எடுத்த எடுப்பில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதம் உங்கள் பதிவேட்டில் எத்தனை தாய்மார்களின் பெயருக்கு எதிரே ‘டென்ஷன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்? விரல் விட்டு எண்ண வேண்டாம். நானும் எழுதியவள்தான். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதில் பத்து வருடம் அந்தச் சொல்லை எழுதியே ஓட்டினேன்.

ஊசி போடுவது, எடை பார்ப்பது, ரத்தம் எடுப்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டரில் ஏற்றுவதில் நீங்கள் எனக்கே பாட்டி. அந்தப் பக்கம் நான் வரவில்லை. இந்த ஒரு சொல்லால் நான் செய்த தப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் கடத்தூர்ப் பக்கம் வேலைக்கு வந்த காலத்தில் எந்தப் பெண்ணும் டென்ஷன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவர்களிடம் எத்தனை பேச்சு இருந்தது என்கிறீர்கள்! “வெசனமா இருக்குது நர்சம்மா” என்றால் மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்லிவிடுவாள். “ரோசனையா இருக்குது” என்றால் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறாள். “சங்கட்டமா இருக்குது” என்றால் உடம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். “நெஞ்சு படக்கு படக்குங்குது” என்பாள் ஒருத்தி. “எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது” என்பாள் இன்னொருத்தி. அவர்கள் வாயைத் திறந்ததுமே எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே சில வீடுகளில் ஒரு லோட்டா மோரை அரை மணி நேரம் குடித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் அந்த நாட்களுக்கு மனசு ஏங்குகிறது.

பிறகு டென்ஷன் வந்தது. டிவி நாடகத்தில் வந்ததோ, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஆண்கள் கொண்டுவந்ததோ, யார் கண்டார்கள்! வந்த வேகத்தில் எல்லா வீட்டிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பஸ் வராவிட்டால் டென்ஷன். பிள்ளை சோறு தின்னாவிட்டால் டென்ஷன். மாமியார் கத்தினால் அவளுக்கு டென்ஷன், கேட்ட மருமகளுக்கும் டென்ஷன். பயம், கோபம், அவசரம், அழுகை எல்லாவற்றையும் ஒரே சொம்பில் ஊற்றிக் குடித்தார்கள். ஒரு தாத்தா என்னிடமே சொன்னார், “மாடு கன்னு போடாம ஒரே டென்ஷன் பண்ணுதுங்க நர்சம்மா.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, பாவம்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. பதிவேட்டில் குறிப்பு எழுதும் இடம் இரண்டு விரல் அகலம். வெசனம், ரோசனை என்று எழுதினால் மேலே இருப்பவர்களுக்கு விளங்காது. டென்ஷன் என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும், அல்லது விளங்கிய மாதிரி இருக்கும். அதற்குப் பக்கத்தில் நம் எல்லோருக்கும் மனப்பாடமான வரி ஒன்று இருக்கிறதே, ‘ஆலோசனை வழங்கப்பட்டது’, அதையும் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். என்ன ஆலோசனை வழங்கினேன் என்று கேட்காதீர்கள். “டென்ஷன் ஆகாதம்மா” என்பதுதான் அந்த ஆலோசனை.

அப்படி மூன்று முறை ஆலோசனை வாங்கியவள் கோகிலா.

கம்பைநல்லூரிலிருந்து என் துணை சுகாதார நிலையம் இருந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண். புருஷன் பெங்களூரில் கட்டட மேஸ்திரி, மாதம் ஒரு முறை வருவான். வீட்டில் இவளும் மாமியாரும் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தையும். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது.

இங்கே உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். ஒரு காலத்தில் நம் தர்மபுரி மாவட்டத்தில் இரண்டாவதும் பெண் என்றால் சில வீடுகளில் கொன்றேவிடுவார்கள். குழந்தை உயிரோடு இருக்குமா என்று பயந்து நாள் தவறாமல் போய்ப் பார்ப்போம். அப்படிப் போகும்போது மாமியார் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். மாமியார் குழந்தையைத் தூக்குகிறாளா, தூக்கும்போது முகம் எப்படி இருக்கிறது, குழந்தை எடை ஏறுகிறதா. அந்தக் காலம் மாறிய பிறகும் எங்கள் கண் மாறவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் மாமியாரைத் தேடிப் போய்விடும்.

கோகிலாவின் மாமியார் தங்கமான மனுஷி. பேத்தியை மடியை விட்டு இறக்க மாட்டாள். “எங்க மகாலட்சுமிய எடை போட்டுப் பாருங்க நர்சம்மா, நேத்தைக்கு இன்னிக்கு கனக்குது” என்று முதல் ஆளாகத் தூக்கிக்கொண்டு வருவாள். எடையும் ஏறியிருந்தது. எனக்கு நிம்மதி. தராசுத் துணியைச் சுருட்டிப் பையில் வைக்கும்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கோகிலாவைப் பார்ப்பேன்.

“நீ எப்படிம்மா இருக்கற?”

“நல்லா இருக்கறேங்க சிஸ்டர். கொஞ்சம் டென்ஷனா இருக்குது.”

“ரெண்டு புள்ளைய வெச்சிக்கிட்டு டென்ஷன் இல்லாம இருக்குமா? டென்ஷன் ஆகாத. நல்லா சாப்புடு, தூங்கு.”

“சரிங்க சிஸ்டர்.”

மூன்று முறை போனேன், மூன்று முறையும் இதே பேச்சு. மூன்றாவது முறை அவள் என் முந்தானையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால் சும்மா விரலால் தொட்டாள். “சிஸ்டர், எனக்கு ரொம்ப டென்ஷனா இருக்குது” என்றாள். எனக்கு அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி, தலைக்கு மேல் வேலை. அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, டென்ஷன் என்று எழுதிவிட்டு, எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, ஊசி நாள். அங்கன்வாடியில் இருபது தாய்மார்கள், இருபது குழந்தைகள், வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே காதைப் பிளக்கிற அழுகை. கோகிலா குழந்தையோடு ஒரு பெரிய கட்டைப்பையும் கொண்டுவந்திருந்தாள். குளித்து, தலை சீவி, பளிச்சென்று இருந்தாள். முகத்தில் ஒரு அமைதி. பரவாயில்லையே, தேறிவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஊசி போட்டேன். குழந்தை வீறிட்டது. அவள் குழந்தையை நெஞ்சோடு ஒரு நிமிஷம் அணைத்து வைத்திருந்தாள். பிறகு அங்கன்வாடி டீச்சர் மடியில் படுக்க வைத்தாள்.

“செத்த நேரம் வெச்சிருங்க டீச்சர். தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்.”

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்பது வழக்கம்தானே, அதனால் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. குழந்தை துணியை நனைத்தபோதுதான் மாற்றுத் துணி எடுக்க டீச்சர் கட்டைப்பையைத் திறந்தார். திறந்தவர் என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை.

“சிஸ்டர், இங்க வாங்க. சீக்கிரம் வாங்க.”

ஊசி போட வருகிறவள் ஒரு துணி எடுத்து வருவாள், இரண்டு எடுத்து வருவாள். அந்தப் பையில் குழந்தையின் துணி அத்தனையும் இருந்தது. எல்லாம் துவைத்து மடித்தது. கறுப்பு வளையல், மை டப்பா, பாலாடை, ஊசி அட்டை.

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ரெண்டாவதும் பொட்டப் புள்ளைன்னு வுட்டுட்டுப் போயிட்டா சிஸ்டர்! பாவி, எப்படித்தான் மனசு வந்துச்சோ! ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. பின்னால நம்ம தலதான் உருளும்.”

என் புத்தியும் அதைத்தான் முதலில் சொன்னது. நம் மாவட்டத்துச் செவிலியர் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார். குழந்தையை விட்டுவிட்டுப் போனால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எந்தக் காகிதத்தில் எழுத வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். செல்லைக் கையில் எடுத்துவிட்டேன். பெயர், விலாசம் சொல்ல ஊசி அட்டையை எடுத்தபோது அதற்குள்ளிருந்து ஒரு தாள் கீழே விழுந்தது. நோட்டிலிருந்து கிழித்த தாள். சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்.

‘பாப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாதான் தூங்கும். பவுடர் போட்டா தும்மும், போட வேணாம். சாயந்திரம் ஆனா அழும், தோள்ல போட்டு நடந்தா நிக்கும். பெரியவளுக்கு சடைய இறுக்கிப் பின்னக் கூடாது, தல வலிக்குதுன்னு அழுவா.’

கடைசி வரியில் என் கண் நின்றுவிட்டது. சின்னது இங்கே கிடக்கிறது, சரி. பெரியவள் வீட்டில் பாட்டியோடு இருக்கிறாள். அவள் சடையைப் பற்றி எதற்கு எழுத வேண்டும்? இரண்டு பேருக்குமே இனி நான் இருக்க மாட்டேன் என்று நினைக்கிறவள்தான் அப்படி எழுதுவாள்.

குழந்தையை விட்டுவிட்டுப் போகவில்லை அவள். தன்னையே விட்டுவிடப் போகிறாள். மூன்று முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே!

“போன் பண்ணாதீங்க டீச்சர். கொழந்தைய கீழ வெக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் அனுப்பாதீங்க.”

“இவ்ளோ பேரு காத்திருக்கறாங்க, மருந்து வேற பிரிச்சி வெச்சிருக்குது சிஸ்டர்!”

“மருந்து போனா வேற மருந்து வரும்.”

அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, வண்டியை உதைக்கும்போதே மனசு கணக்குப் போட்டது. ஊசி நாளில் வேலையைப் போட்டுவிட்டுப் போனவள் என்று மெமோ வரும். குழந்தை விஷயத்தை மறைத்தாள் என்றும் சொல்வார்கள். என் கணக்கு தப்பாக இருந்தால் வேலையே போகலாம். கணக்கு சரியாக இருந்து நான் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன், வண்டி தானாக வேகம் எடுத்தது.

டீக்கடையில் கேட்டேன். தண்ணீர் குடிக்க வரவில்லை, மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போனாள் என்றார்கள். போனேன். ரோட்டோரம் புளியமரத்தடி பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அவளிடம் ஓடினேன். பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

“எங்க கண்ணு போற?”

“தெரியலைங்க சிஸ்டர். ரெண்டு பஸ்ஸு போயிருச்சு. எந்திரிக்க முடியல.” ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் இல்லாட்டி அதுங்க நல்லா இருக்குங்க.”

என் வாயில் பழக்க தோஷத்தில் என்ன வந்தது தெரியுமா? “டென்ஷன் ஆகாத.” தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரு நல்ல காரியம் என்று கேட்டால் அந்த ஒரு வார்த்தையை முழுங்கியதைத்தான் சொல்வேன்.

“செத்துப்போயிரலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டேன்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். “டென்ஷனா இருக்குதுன்னு சொன்னேங்களே சிஸ்டர்.”

“சொன்ன. என் காதுல வுழல. இப்ப அந்த வார்த்தைய இந்தப் பெஞ்சு மேல வெச்சிரு. உனக்கு என்ன செய்யுது, அத மட்டும் சொல்லு. நான் எங்கயும் போகல.”

ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னாள்.

“பாப்பாவுக்குப் பால் குடுக்கறப்ப வேற யாரோ குடுக்கற மாதிரி இருக்குதுங்க. அது சிரிக்குது, அத்தை சிரிக்கறாங்க, எனக்கு ஒண்ணுமே ஆவ மாட்டேங்குது. நெஞ்சுக்குள்ள மண்ணு ரொப்பி வெச்சாப்புல இருக்குது. தூக்கமே இல்லைங்க. பாப்பா தூங்கறப்பவும் முழிச்சிக்கிட்டுக் கெடக்கறேன். நான் கெட்டவளாயிட்டேன் சிஸ்டர். பெத்த புள்ள மேல பாசம் வரலைன்னா கெட்டவதான?”

சொல்லச் சொல்ல அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவ்வளவையும் இரண்டு விரல் அகலத்தில் நான் மூன்று முறை மூடி வைத்திருந்தேன். மூன்றாவது பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஏர்றீங்களாம்மா?” என்றார். போகச் சொல்லிக் கை காட்டினேன்.

“நீ கெட்டவ இல்ல. இது பிரசவத்துக்கப்புறம் வர்ற சீக்கு. காய்ச்சலு மாதிரி சீக்கு. மருந்து இருக்குது. வா, டாக்டரம்மாகிட்டப் போலாம்.”

அவளைத் தனியாக ஒரு நிமிஷமும் விடாமல் வண்டியில் உட்கார வைத்தேன். அங்கன்வாடியில் குழந்தையை வாங்கி அவள் மடியில் வைத்துவிட்டு, காத்திருந்த தாய்மார்களிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருத்தி முணுமுணுத்தாள், மற்றவர்கள் கோகிலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது இருந்த டாக்டரம்மா என்னைவிட இருபது வயது சின்னவர். கோகிலாவோடு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். தர்மபுரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அன்றைக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார். பிறகு என் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார்.

“ஆலோசனை வழங்கப்பட்டதுன்னு மூணு வாட்டி எழுதியிருக்கீங்க. என்ன ஆலோசனைங்க குடுத்தீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனை மீட்டிங்கில் சமாளித்தவள் நான்! அன்றைக்கு வாய் வரவில்லை.

“டென்ஷன் ஆகாதன்னு சொன்னேங்க டாக்டர்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, “இன்னைக்கு நீங்க பஸ் ஸ்டாப்புல உக்காந்ததை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்கும் தெரியல” என்றார். அந்த ஒரு வரி இன்னமும் என் காதில் இருக்கிறது.

மாமியாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கத்துவாளோ, ஊரைக் கூட்டுவாளோ என்று பயந்து போனேன். கேட்டுவிட்டுப் பெரிய பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டாள். “டென்ஷன் டென்ஷன்னுதான் எங்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தா நர்சம்மா. செல்ல நோண்டறதால வருதுன்னு நெனச்சேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “எனக்கும் எம்மவன் பொறந்தப்ப இப்படி இருந்துச்சுங்க. நான் வெசனம்னு சொன்னேன். அப்பவும் யாரும் ஒண்ணுங் கேக்கல” என்றாள்.

பழைய சொற்களைப் பற்றி இத்தனை ஏக்கமாகப் பேசினேனே, அந்த ஏக்கத்துக்கும் அன்றைக்கு ஒரு அடி விழுந்தது. எந்தச் சொல்லாக இருந்தாலும் கேட்கிறவள் உட்கார வேண்டும். அவ்வளவுதான் பெண்களே. வேறு ரகசியம் இல்லை.

கோகிலா தேறிவர ஏழெட்டு மாதம் ஆனது. புருஷன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தான். மாத்திரையைத் தவறாமல் மாமியார் தன் கையாலேயே கொடுத்தாள். ஒரு நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே கோகிலா பாப்பாவைத் திட்டும் சத்தம் கேட்டது. “எருமக் கன்னுக்குட்டி, சோத்தத் துப்பாதடி!” அந்தத் திட்டைக் கேட்டு அந்த வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருத்தி மாதிரி இருந்தவள் இப்படித் திட்ட மாட்டாள் அல்லவா? அந்த எருமைக் கன்றுக்குட்டி இப்போது பத்தாவது படிக்கிறாள்.

இத்தோடு முடித்திருப்பேன். போன மாதம் நடந்ததையும் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது.

நான் ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஓசூரில். தர்மபுரியில் நானும் டிவியும்தான். ஒரு நாள் காலையில் கோகிலா போன் செய்தாள். பிள்ளைகள் படிப்பு, மாமியார் முழங்கால் வலி என்று எதையோ பேசிவிட்டு, “நீங்க எப்படி இருக்கறீங்க சிஸ்டர்?” என்றாள்.

“நல்லா இருக்கறேன். கொஞ்சம் டென்ஷனா இருக்குது, வேற ஒண்ணும் இல்ல” என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் வியர்த்து விறுவிறுத்து நிற்கிறாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன செய்யுதுங்க சிஸ்டர்?”

“ஒண்ணுமில்ல கண்ணு. வயசாவுதில்ல? டென்ஷன்தான்.”

“அந்த வார்த்தைய அப்படி வெச்சிருங்க. உங்களுக்கு என்ன செய்யுது, அதச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல.”

முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர்களைக் கேட்டவள் நான். என்னை யாரும் கேட்டதில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் சொன்னேன்.

“காலைல எட்டு மணியானா குளிச்சிட்டுச் செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறேன் கோகிலா. போறதுக்கு ஒரு வூடு இல்ல.”

அழாதீங்க என்று சொல்லவில்லை அவள். நான் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், ஆணியில் தொங்கிய என் பழைய வேலைப் பையை எடுத்து உதறி, என் மடியில் வைத்தாள்.

“எங்க வூடு இருக்குது. ரெண்டு மணிக்கு பஸ்ஸு. எந்திரிங்க.”

பூட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.